பெரிய மொட்டையில் நின்ற கல்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடச் சுவரில் ஒரு கல்வெட்டு பதித்திருக்கிறார்கள். பெரிய மொட்டை உச்சியில் முதன்முதலாகக் கால் வைத்தவர் செல்லமுத்து என்று அதில் போட்டிருக்கிறதாம். எனக்கு எழுத்து தெரியாது. பேத்தி படித்துக் காட்டினாள். அது பொய். செல்லமுத்துவின் கால் படுவதற்கு முன்னால் அந்தப் பாறையில் என் அண்ணன் இருசப்பனின் கால் இருபது தடவையாவது பட்டிருக்கும். செல்லமுத்துவை மரியாதை கொடுத்துச் சொல் என்கிறாள் பேத்தி. மாட்டேன். எண்பத்தைந்து வயதுக்கு மேல் எனக்கு யாரிடம் பயம்?

கச்சிராயபாளையம் தாண்டி மேற்கே பார்த்தால் கல்வராயன் மலையில் இரண்டு மொட்டைப் பாறைகள் தெரியும். முன்னால் நிற்பது சின்ன மொட்டை. அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நிற்பது பெரிய மொட்டை. எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் உயரம் கிடையாது. வெயில் காலத்தில் இரண்டும் தெரியும். மூட்டம் போட்டுவிட்டால் சின்னதுதான் உச்சி என்று யாரும் சத்தியம் செய்வார்கள்.

எங்கள் அப்பா, ஊர்ப் பெரிய பண்ணைக்காரர் கொளஞ்சியப்பன் வீட்டில் படியாள். வருஷம் முழுக்க அவர் நிலத்தில் உழைக்க வேண்டும், அவர் அளக்கும் தானியத்தைத் தின்ன வேண்டும். அண்ணனையும் எட்டு வயதில் அங்கேயே ஆடு மேய்க்க விட்டார்கள். பன்னிரண்டு வயதில் ஓர் ஆட்டைத் தொலைத்துவிட்டு மலைக்குள் தேடிப் போனவன், மறுநாள் மத்தியானம் ஆடு இல்லாமல் திரும்பி வந்தான். கொளஞ்சியப்பன் புளிய விளாரால் அடித்தார். முதுகில் தடித்தடியாக வீங்கியிருந்தது. நான் ஏழு வயதுப் பிள்ளை, விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். அண்ணன் சிரித்தான்.

"இன்னாத்துக்குண்ணா சிரிக்கிற?"

"மேல போயிட்டன் பெரியா. எல்லாத்துக்கும் மேல. அங்கேருந்து பாத்தா ஆண்டை வூடும் நம்ம வூடும் ஒரே அளவு. ரெண்டும் ஆட்டுப் புழுக்கை மாதிரி கெடக்குது."

அதிலிருந்து அவனுக்கு மலைப் பைத்தியம் பிடித்துவிட்டது. பெரியவனான பிறகு, கடுக்காய் பொறுக்கப் போகிறேன் என்று சாக்கை எடுத்துக்கொண்டு கிளம்புவான். பாதிச் சாக்கு நிறைந்ததும் அதை மரத்தடியில் வைத்துவிட்டு உச்சிக்கு ஓடுவான். மலையில் குடியிருக்கிறவர்கள்கூட அங்கே போவதில்லை. அவர்களுக்கு அங்கே வேலை இல்லை. அண்ணனுக்கும் வேலை இல்லைதான்.

"அங்க இன்னா பொதைச்சி வச்சிருக்க?" என்று அண்ணி கேட்பாள்.

"ஒண்ணும் இல்ல. அதான் போறன். அங்க எவனும் என்ன 'டேய்'னு கூப்புட முடியாது."

அண்ணி பெயர் செவ்வந்தி. ரிஷிவந்தியம் பக்கத்துப் பெண். வாய் ஓயாது. "உங்க அண்ணன் என்னைக் கட்டிக்கினாரா, அந்த மொட்டையக் கட்டிக்கினாரா, கேட்டு சொல்லு பெரியம்மா" என்று நாற்று நடும்போது எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்வாள். பெரியம்மா என்பது என் பெயர், அண்ணனுக்கு மட்டும் பெரியா. அவளுக்கும் அந்த உச்சியைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அப்போது ஆறு மாதம் வயிற்றில். "புள்ள பொறக்கட்டும். அவனைத் தோள்ல போட்டுக்கினு உன்னையும் கூட்டிக்கினு போறன்" என்று அண்ணன் சொன்னான்.

சித்திரையில் அவளுக்கு இடுப்புவலி கண்டது. இரண்டு நாள் வலி. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள், கள்ளக்குறிச்சிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்றாள். கொளஞ்சியப்பன் வாசலில் போய் அண்ணன் மாட்டுவண்டி கேட்டு நின்றான். நானும் பின்னால் நின்றேன்.

"மாடு நேத்துதான்டா வெல்லம் ஏத்திக்கினு போயி வந்துச்சி. காலு நோவுது அதுக்கு. வாயில்லா ஜீவன்டா, பாவம் பாக்க வாணாமா?" என்றார்.

மூங்கிலில் சேலையைத் தூளியாகக் கட்டி நாங்களே தூக்கிக்கொண்டு நடந்தோம். கச்சிராயபாளையம் வருவதற்குள் தூளி கனத்துவிட்டது. பிள்ளையும் வெளியே வரவில்லை.

கருமாதி எங்களுக்கு ஒரு கல்லில்தான் நடக்கும். ஆற்றுக் கல் ஒன்றை எடுத்து, கழுவி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, செத்தவளுடைய சேலைக் கிழிசலைச் சுற்றி நிறுத்துவோம். அன்றைக்கு அந்தக் கல்தான் அவள். அவளுக்குப் பிடித்த கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் அதற்கு முன்னால்தான் வைப்போம். முடிந்ததும் கல்லைக் கொண்டு போய்த் தண்ணீரில் விட வேண்டும். விடாவிட்டால் செத்தவளுக்குத் தாகம் அடங்காது.

அந்த வருஷம் கோமுகி ஆற்றில் மணல்தான் இருந்தது. தண்ணீர் இருந்தது ஊர் ஏரியில் மட்டும். அதில் எங்கள் தெருக்காரர்கள் கால் நனைக்கக் கூடாது. அண்ணன் கல்லைத் துணியில் ஏந்திக்கொண்டு ஏரிக்கரையில் நின்று கேட்டான்.

"ஊரு குடிக்கிற தண்ணிடா. அதுல உன் பொணக்கல்லப் போடுவியா?" என்றார் கொளஞ்சியப்பன். அவர் அம்மாவின் கருமாதிக் கல் அதே ஏரியில்தான் கிடக்கிறது. அண்ணன் அதைச் சொல்லவில்லை. எனக்கு நாக்கு வரை வந்தது, அம்மா என் கையைக் கிள்ளினாள்.

மூன்று நாள் அந்தக் கல் எங்கள் வீட்டு மூலையில் இருந்தது. நான்காம் நாள் விடியலில் அண்ணனையும் காணவில்லை, கல்லையும் காணவில்லை. சாயங்காலம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லச் சொன்னான்.

"பெரிய மொட்டைல நிக்க வச்சிட்டன் பெரியா. கூட்டிக்கினு போறன்னு சொன்னன் இல்ல?"

"தண்ணில விடணுமேண்ணா."

"மொத மழை எங்க வுழும்? அங்கதான வுழும். அவ மேல வுழுந்துதான் ஓடையா எறங்கும், ஓடை நேரா இந்த ஏரிக்குத்தான வரும். தண்ணி தர மாட்டன்னாரு இல்ல? இனிமே ஒவ்வொரு வாய்த் தண்ணியும் எம் பொண்டாட்டி நனைஞ்ச தண்ணி. குடிக்கட்டும்."

அவள் செத்த பிறகு அன்றைக்குத்தான் அவன் சிரித்தான்.

உலகத்திலேயே உயரமான பனிமலையில் இரண்டு பேர் ஏறிவிட்டார்கள் என்று டீக்கடையில் பேப்பர் படித்துச் சொல்லி அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்தப் பேப்பர் படத்தை வெட்டி வைத்துக்கொண்டு, கொளஞ்சியப்பன் மகன் செல்லமுத்து மெட்ராஸில் இருந்து ஆடியில் வந்து இறங்கினான். காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். கூட இரண்டு சிநேகிதர்கள், ஒருவன் கழுத்தில் கேமரா. நாடு ஒவ்வொன்றிலும் உயர்ந்த மலை ஒன்று இருக்கும், அதில் எவன் முதலில் ஏறுகிறானோ அவன் பெயர் நிற்கும், நம் ஜில்லாவுக்கும் ஒரு மலை இருக்கிறது, சுதந்திர தினத்தன்று நான் அதில் கொடி ஏற்றப் போகிறேன் என்றான். அண்ணனைக் கூப்பிட்டு விட்டார்கள்.

"இருசா, கடுக்காய்க்குப் போறவன் நீதான். பெரிய மொட்டைக்கு வழி தெரியுமா?"

அண்ணனுக்குக் கல்தான் ஞாபகம் வந்திருக்கும். "இல்ல சின்னாண்டே. உச்சிக்கு யாரும் போனதில்ல. நானும் அதுக்குக் கீழ வரைக்கும்தான்" என்றான்.

செல்லமுத்து துள்ளிக் குதித்தான். "கேட்டீங்களாடா? இவன் வாயாலயே சொல்லிட்டான்! மனுசன் கால் படாத எடம்!"

கல்லைக் காப்பாற்றச் சொன்ன பொய். அதுவே அவன் ஏறிய இருபது தடவையையும் அழித்துவிட்டது. போக வேண்டாம் என்று ஆகும் என நினைத்தான், போயே ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

"சின்ன மொட்டைக்குக் கூட்டிக்கினு போயி, இதான் உச்சின்னு காட்டிடறன். மூட்டத்துல ஒண்ணும் தெரியாது. கொடியக் குத்திட்டு எறங்கிடுவானுங்க."

"மூட்டம் வெலகிட்டா?"

"ஆடி கடைசில எங்க வெலகும்? போ, போயி படு."

பதினைந்தாம் தேதி பொழுது விடிந்ததும் புறப்பட்டோம். அண்ணன் தோளில் பத்தடி மூங்கில் கம்பம், கையில் கடப்பாரை. என் தலையில் புளிச்சோற்றுத் தூக்கு, இடுப்பில் தண்ணீர்க் குடம். சோறு தூக்க ஒரு பொட்டச்சி வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டார்கள். ஏரியில் தீட்டு என்றவர்களுக்கு மலையில் என் கைச் சோறு தீட்டில்லை. எனக்குப் பதினாறு வயது. செல்லமுத்து புது பூட்ஸ் போட்டிருந்தான். ஒரு மணி நேரத்தில் குதிகால் கொப்புளம் கட்டியது. ஓடைப் பாறைகளில் வழுக்கினான். அண்ணன் கம்பத்தை என்னிடம் கொடுத்துவிட்டு அவனை முதுகில் தூக்கிக்கொண்டு ஓடையைக் கடந்தான்.

"இன்னும் எம்மாந்தூரம்டா?"

"தோ வந்துடுச்சி சின்னாண்டே."

"இதையேதான் காலைலேருந்து சொல்லிக்கினு வர்ற."

கேமராக்காரன் சிரித்தான். "மலை ஏறறது நீயா, அவனா? அவன் முதுகுல கொடியக் குத்திட்டு எறங்கிடலாம்டா" என்றான். செல்லமுத்து முகம் கறுத்துவிட்டது. அதன் பிறகு நொண்டிக்கொண்டே தானாக நடந்தான்.

சின்ன மொட்டைக்கு வந்தோம். சுற்றிலும் பஞ்சு மாதிரி மூட்டம். அண்ணன் கம்பத்தை இறக்கினான். "இதான் சின்னாண்டே. இதுக்கு மேல ஒண்ணும் இல்ல." கம்பத்தை நட்டார்கள். கொடி ஏற்றினார்கள். செல்லமுத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு பிரசங்கம் செய்தான். மூன்று பேரும் ஜெய்ஹிந்த் சொன்னார்கள். அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தான். நான் புளிச்சோற்றை இலையில் வைக்கக் குனிந்தேன்.

அப்போது காற்று அடித்தது. அவ்வளவுதான். மூட்டம் பாய் சுருட்டுகிற மாதிரி சுருண்டு போனது. எதிரே, எங்கள் தலைக்கு மேலே, பெரிய மொட்டை நின்றது. அதன் உச்சியில் புள்ளியாக ஒரு கல். அதில் சுற்றியிருந்த அண்ணியின் சிவப்புச் சேலைக் கிழிசல் பறந்துகொண்டிருந்தது.

"டேய் செல்லமுத்து, உன் உச்சிக்கு மேல ஒரு உச்சி இருக்குடா. அங்க எவனோ முன்னாடியே கொடி வேற ஏத்தியிருக்கான்!" கேமராக்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

செல்லமுத்து அண்ணனை அறைந்தான். அவன் கீழே விழுந்த பிறகு பூட்ஸ் காலால் உதைத்தான். அந்தப் புளிச்சோற்றின் மேலேயே கிடந்தான் அண்ணன். "பொறுக்கு. கம்பத்தைப் புடுங்கித் தூக்குடா" என்றான் செல்லமுத்து.

பெரிய மொட்டைக்கு ஏற இன்னும் ஒரு மணி நேரம் ஆனது. ஏறியதும் செல்லமுத்து கல்லின் முன்னால் நின்றான்.

"எவன்டா இங்க வந்தது?"

"நான்தான் சின்னாண்டே."

செல்லமுத்து சிநேகிதர்கள் பக்கம் திரும்பினான். முகம் தெளிந்துவிட்டது. "இவன்தானாம். ஆளுங்க யாரும் வரல" என்றான்.

அப்புறம் கல்லைக் காட்டினான். "இது இன்னா?"

அண்ணன் கும்பிட்டான். "எம் பொண்டாட்டி சின்னாண்டே. தண்ணில வுட எடம் இல்லாம இங்க வச்சன். இத மட்டும் ஒண்ணும் பண்ணாதீங்க. கொடிய அந்தாண்ட நட்டுத் தரன். கீழ போனதும் இன்னா செஞ்சாலும் வாங்கிக்கிறன்."

மொட்டைப் பாறை, கம்பம் நட ஒரே ஒரு வெடிப்புதான் இருந்தது. அந்த வெடிப்பு அகலம். கம்பத்தை உள்ளே விட்டால் ஆடியது. சுற்றிலும் முட்டுக் கொடுக்க வேறு கல் கிடையாது, அதனால்தான் அது மொட்டை. செல்லமுத்து வெடிப்பைப் பார்த்தான், கல்லைப் பார்த்தான்.

"பொண்டாட்டியா? சரி, வந்ததுக்கு அவளும் ஒரு வேலை செய்யட்டும். கொடியப் புடிச்சிக்கினு நிக்கட்டும். ஒடை."

அண்ணன் அசையவில்லை.

"ஒடைக்கிறியா, இல்ல இந்தக் கம்பத்துல உன் தங்கச்சியக் கட்டிட்டு எறங்கட்டுமா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். சேலைக் கிழிசலை அவிழ்த்தான், மடித்தான். கேமராக்காரன் அதை வாங்கிக் கேமராக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கீழே போட்டான். அண்ணன் கடப்பாரையை ஓங்கினான். முதல் அடிக்குக் கல் உடையவில்லை. "இன்னும் ஓங்கிப் போடு" என்றான் செல்லமுத்து. இரண்டாவது அடியில் மூன்று துண்டாக ஆனது. அண்ணனே அண்ணியை வெடிப்புக்குள் இறுக்கி அடித்தான். கம்பம் ஆடாமல் நின்றது.

படம் எடுத்தார்கள். "நெழலு வுழுது, ஓரமாப் போங்க" என்று எங்களை விரட்டினார்கள். அந்தப் படமும் பள்ளிக்கூடத்தில்தான் மாட்டியிருக்கிறது. கம்பத்தின் காலில் ஒரு துண்டு வெளுப்பாகத் தெரியும். அந்த வெளுப்பு நான் பூசிய மஞ்சள்.

அண்ணன் அதற்குப் பிறகும் வேலைக்குப் போனான். ஏர் ஓட்டினான், ஏற்றம் இறைத்தான், கூப்பிட்ட குரலுக்குப் போனான். ஐப்பசியில் மழை பிடித்தது. தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள் கொட்டுகிற மழையில் மலைக்குப் போனான். அந்தத் துண்டுகளைப் பிடுங்கினால் கம்பம் சாயும் என்று அவனுக்குத் தெரியும். பிடுங்கினான். சாய்ந்தது. மறுநாள் விடிகிற நேரத்தில் ஊர் ஏரியில் இறங்கி மூன்று துண்டையும் தண்ணீரில் விட்டான். மதகுக் காவல்காரன் பார்த்துவிட்டான்.

தீபாவளிக்கு வந்திருந்த செல்லமுத்து கரைக்கு வந்தான். கொளஞ்சியப்பனும் குடை பிடித்துக்கொண்டு வந்தார். ஊரே கூடியது. எங்கள் தெருக்காரர்கள் தூரத்தில் நின்றோம்.

"மூணு துண்டும் வெளிய வரணும். அது வரைக்கும் நீ வெளிய வரக் கூடாது" என்றான் செல்லமுத்து.

அண்ணன் முங்கினான். ரொம்ப நேரம் கழித்து ஒரு துண்டோடு வந்தான். கரையில் வைத்தான். மறுபடி முங்கினான். இன்னொரு துண்டு வந்தது. மூன்றாவது வரவில்லை. முங்குவான், சேற்றை அள்ளிக் காட்டுவான், இருமுவான். உதடு நாவல்பழம் மாதிரி நிறம் மாறியது. மழை விடவில்லை.

"கெடைக்கல ஆண்டே. சேத்துல பொதைஞ்சி பூடுச்சி."

"தேடு."

"வுட்டுடுங்க ஆண்டே, செத்துடுவான்" என்று அம்மா தரையில் விழுந்து கத்தினாள். "செத்தா இந்தத் தண்ணிதானே கெட்டுப் பூடும்? அதுக்குத்தான் எனக்கும் கவலை" என்று கொளஞ்சியப்பன் சொன்னார். கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வேடிக்கை பார்த்துக்கொண்டே ஒருத்தி வேர்க்கடலை உரித்துத் தின்றாள். அவள் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

மத்தியானம் வரை முங்கவிட்டார்கள். பிறகு கொளஞ்சியப்பனுக்குப் பசி வந்துவிட்டது. "சோத்து நேரம் ஆச்சி, வாடா போலாம். கால் துண்டு கல்லு தானே, மண்ணோட மண்ணாப் பூடும்" என்று மகனைக் கூட்டிக்கொண்டு போனார். கிடைத்த இரண்டு துண்டையும் மாட்டுக்கொட்டகை வாசலில் சேற்றுக்குப் போட்டு மிதித்தார்கள்.

அன்றைக்கே அண்ணனுக்குக் காய்ச்சல். இருமல் மார்கழியில் ரத்தமாக மாறியது. தை பிறந்து நாலாம் நாள், என்னைக் கிட்டே கூப்பிட்டான்.

"மூணாவது துண்டு கெடைச்சிது பெரியா. மொத முங்குலயே கெடைச்சிது. அதான் பெருசு."

"அப்புறம்?"

"கால்கீழ போட்டு மிதிச்சிக்கினே இருந்தன். மத்த ரெண்டையும் குடுத்துட்டு, இத மதகு வாய்க்கிட்ட, தொடை ஆழத்துக்குச் சேத்துல எறக்கிட்டன். எவனும் எடுக்க முடியாது. மதகத் தொறந்தா மொதத் தண்ணி அவளத் தொட்டுட்டுதான் போவும்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "அன்னிக்கி மலைல சொன்ன பொய்யி மாட்டிக்கிச்சி. இது மாட்டல."

மறுநாள் போய்விட்டான். இருபத்தொரு வயது.

அவன் கருமாதிக் கல்லை நான் ஆற்றில் விடவில்லை. மாசியில் ஒரு நாள், கடுக்காய்ச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் தனியாகப் பெரிய மொட்டைக்கு ஏறினேன். அங்கே அதற்குள் செல்லமுத்து சிமெண்டு போட்டு இரும்புக் கம்பம் நட்டிருந்தான். கம்பத்துக்குப் பத்தடி தள்ளி அண்ணனை நிறுத்தினேன். நின்று ஊரைப் பார்த்தேன். அவன் சொன்னது சரிதான், எது யார் வீடு என்று தெரியவில்லை. அந்த வருஷச் சுதந்திர தினத்துக்கு ஏறியவர்கள் அண்ணனை உதைத்துப் பள்ளத்தில் தள்ளிவிட்டார்கள். தள்ளியதைச் சிரித்துக்கொண்டே என்னிடமே சொன்னான் செல்லமுத்து.

இப்போது சனி ஞாயிறானால் பெரிய மொட்டைக்குப் பையன்கள் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். பேத்தியும் போய் வந்தாள். கம்பம் துருப்பிடித்து நிற்கிறதாம், கல் எதுவும் இல்லையாம், போனில் படம் காட்டினாள். பள்ளிக்கூடச் சுவரில் இருக்கும் பெயரை யாரும் அழிக்க மாட்டார்கள். இருக்கட்டும். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு, கொளஞ்சியப்பன் பேரப்பிள்ளைகள் வீட்டுக்கு, எல்லார் வீட்டுக்கும் குழாயில் வருவது அந்த ஏரித் தண்ணீர்தான். மதகை எழுபது வருஷத்தில் இரண்டு தடவை பிரித்துக் கட்டினார்கள். இரண்டு தடவையும் நான் கரையில் போய் உட்கார்ந்து, வேலை முடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். சேற்றில் இருந்து எதையும் அவர்கள் எடுக்கவில்லை.